சபையிழந்த பின் சி. வி. வேலுப்பிள்ளை

கொழும்பிலிருந்து பதுளை நோக்கி மலையேறும் புகையிரதம் றொசல்லவைக் கடந்தபின் அட்டன், கொட்டகலை, தலவாக்கலை என்னும் நிலையங்களை அடுத்தடுத்து அடைகின்றது. இவற்றுள் கொட்டகலையும் தலவாக்கலையும் 1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் தனித் தொகுதிகளாக விளங்கின. இலங்கை இந்தியக் காங்கிரஸ் அத்தேர்தலில் வென்ற ஏழு தொகுதிகளுள் இவை இரண்டு. கொட்டகலையிலே கே. குமாரவேலுவும் தலவாக்கலையிலே சி. வி. வேலுப்பிள்ளையும் தெரிவாகினர்.

மடக்கொம்பரைத் தோட்டத்திலே 1914இல் பிறந்து, கொழும்பு நாலந்தாவிலே கற்ற வேலுப்பிள்ளையின் பாராளுமன்ற வாழ்வு ஒரு முரண்பாட்டினுள் அமைந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அவரைத் தெரிவுசெய்த தொழிலாளருட் பெரும்பாலோரை நாடற்றோராக்கிற்று. 1949ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம் அவர்தம் வாக்கினையும் பறித்தது. உறுப்பினரோ 1952 வரை சபையில் அமர்ந்திருந்தார்! வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்கப்பட்ட மக்களுக்காகப் பேசும் உறுப்பினருக்கு ஆட்சியாளர் எத்துணை செவிசாய்ப்பர் என்பதை விளக்க வேண்டியதில்லை. 1952இல் காங்கிரஸ் நடத்திய சத்தியாக்கிரகமும் நிலைமையை மாற்றவில்லை. அவ்வாண்டுத் தேர்தலிலே காங்கிரசுக்கு ஓர் ஆசனமேனும் கிட்டவில்லை.

பதவியிழந்த சட்டமன்றத்தினர் அரசுக்கோ நிறுவனங்களுக்கோ கொள்கை ஆலோசகராக அமர்வது இன்று பல நாடுகளிலும் காணப்படும் வழக்கம். அத்தகைய கதவு எதுவும் வேலுப்பிள்ளைக்குத் திறந்திருக்கவில்லை. அவர் தொழிற்சங்கத்திற்குத் திரும்பினார். பிற்காலத்தில் தொழிலாளர் தேசிய சங்கத்தோடு இணைந்து உழைத்தார். எனினும் ஆலோசகரின் பணியை அவர் வேறொரு வகையிலே செய்தாரென்பதே இங்கு வற்புறுத்தத்தக்கது.

1970இல் வெளிவந்த அவரது 'போர்ன் டு லேபர்' தோட்டத்து மாந்தரைத் தனித்தனியே தீட்டும் ஆங்கில நூலாகும். லயன் அறைகளில் வாழ்ந்தோரிற் பெரும்பாலோர் அதனை வாசித்திருக்க முடியாது. சட்டம் இயற்றியோரும் தோட்ட நிருவாகிகளும் வாசிக்கக்கூடிய மொழியிலே அது எழுதப்பட்டது. இத்தெரிவைத் தற்செயலெனக் கொள்ளுதல் பொருந்தாது.

காலப் பின்னணியும் நோக்கத்தக்கது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் ஒதுக்கிற்று. எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். இரு அரசுகளும் தொகையாகக் கண்ட மக்களை அவர் ஆள் ஆளாக எழுதினார். அவரது எழுத்திலே அட்டவணைகளும் பரிந்துரைகளும் இல்லை. திட்டமிடுவோர் அதனை இலக்கியமெனக் கூறி எளிதில் ஒதுக்கிவிடலாம். நம் ஆய்வாளரும் அவரைக் கவிஞர் வரிசையிலே வைத்து அமைந்துவிட்டனர். இது குறையே.

1983இல் மலைநாட்டு மக்கள் பாடல்களைத் தொகுத்து வெளியிட்ட அவர், மறு ஆண்டு காலமானார். நாடற்றோர்க்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டங்கள் 1988இலும் 2003இலும் நிறைவேறின.