பாரிஸில் 85 கொரியப் படங்கள்

2020 பிப்ரவரியில் 'பாரசைட்' நாலு ஆஸ்கார் வாங்கினது ஞாபகம் இருக்கா? "கொரியாக்காரங்க திடீர்னு எப்படி இப்படிப் படம் எடுக்குறாங்க?"ன்னு அப்போ நிறைய பேர் கேட்டாங்க. அந்தத் 'திடீர்' எவ்வளவு தப்புன்னு புரியணும்னா, நாம 1993-க்குப் போகணும். பாரிஸுக்கு.

பாரிஸ் நகரத்தின் நடுவில் பாம்பிடு மையம்னு ஒரு கட்டடம் இருக்கு. குழாய்களும் எஸ்கலேட்டரும் சுவருக்கு வெளியே தெரியும், விசித்திரமான கட்டடம். 1993 அக்டோபரில் அங்கே கொரிய சினிமாவுக்காகவே ஒரு பெரிய திரையிடல் தொடங்கியது. மொத்தம் 85 படங்கள். அடுத்த வருஷம் வரைக்கும் அது நீண்டது.

அதே நேரத்தில் கொரியாவில் நிலைமை என்ன தெரியுமா? தியேட்டருக்குப் போனவங்கள்ல ஏறக்குறைய 16 சதவீதம் பேர்தான் உள்ளூர்ப் படம் பார்த்தாங்க. 1988 முதல் ஹாலிவுட் நிறுவனங்கள் அங்கே நேரடியாகவே படங்களை வெளியிட ஆரம்பிச்சிருந்தன. அதை எதிர்த்துப் போராட்டம் நடந்தப்போ, தியேட்டருக்குள்ள பாம்பு விட்ட சம்பவம்கூட உண்டு! படம் வெளியாகும் முன்னாடியே அரசாங்கம் தணிக்கை செய்யும் முறையும் இருந்தது. அரசியல் சாசன நீதிமன்றம் அது செல்லாதுன்னு தீர்ப்புச் சொன்னது 1996-ல்தான்.

ஆக, சொந்த ஊரில் இடம் சுருங்கிக்கொண்டிருந்த ஒரு சினிமாவுக்கு, பாரிஸில் 85 படத்துக்கு இடம் கிடைத்தது. இதைக் கௌரவம்னு மட்டும் பார்த்தா பாதிதான் புரியும். பழைய படத்தைத் திரையிடணும்னா முதலில் அதோட பிரிண்ட் வேணும். அது எங்கே இருக்குன்னு ஒருத்தர் தேடணும், மொழி தெரியாதவங்களுக்கு சப்டைட்டில் வேணும். கொரியாவில் எத்தனையோ பழைய படங்களுக்கு அந்த பிரிண்ட்டே மிஞ்சவில்லை.

இதுக்கு ஒரு உதாரணம், கிம் கி-யங் 1960-ல் எடுத்த 'ஹவுஸ்மெய்ட்'. ஒரு இசை ஆசிரியர், அவர் புதுசாகக் கட்டிய மாடி வீடு, அங்கே வேலைக்கு வரும் ஒரு பெண், அலமாரியில் எலி பாஷாணம். கதை முழுக்க அந்த மாடிப்படியில் ஏறி இறங்கும். பின்னாளில் இந்தப் படத்தோட நெகட்டிவ் கிடைத்தபோது, அதில் இரண்டு ரீல்கள் இல்லை. 1990-ல் இன்னொரு பிரதி கிடைத்தது. அதில் அந்த இரண்டு ரீல்களும் இருந்தன. ஆனா பிம்பத்தின் மேலேயே கையால் எழுதின ஆங்கில சப்டைட்டில்! கொரிய மொழி தெரியாதவங்களுக்காகத் தயாரான பிரதிதான் அந்தப் படத்தை முழுசாக்கியது.

1997-ல் பூசான் திரைப்பட விழா கிம் கி-யங் படங்களைத் தொகுத்துத் திரையிட்டது. வெளிநாட்டு விருந்தினர்கள் அசந்து போனாங்க. உடனே பெர்லின் விழாவிலிருந்து அழைப்பு. பல வருஷமா பெரிதாக யாரும் கண்டுகொள்ளாத எழுபத்தெட்டு வயது இயக்குநர், தன் படங்களோட ஐரோப்பா கிளம்பத் தயாரானார்.

போகவில்லை. 1998 பிப்ரவரி 5, பெர்லின் விழா தொடங்கச் சில நாட்களே இருந்தன. வீட்டில் பிடித்த தீயில் அவரும் அவர் மனைவியும் இறந்துபோனாங்க. படங்கள் மட்டும் பெர்லினுக்குப் போயின.

பத்து வருஷம் கழித்து, மார்ட்டின் ஸ்கார்செஸி தொடங்கிய அமைப்பின் உதவியோடு, கொரிய ஆவணக் காப்பகம் 'ஹவுஸ்மெய்ட்'டைச் செப்பனிட்டது. படத்தைக் காப்பாற்றிய அதே கையெழுத்தை, இப்போ கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அழிக்க வேண்டியிருந்தது. 2008-ல் கான் விழாவில் படம் சுத்தமாக ஓடியது.

'பாரசைட்' எடுக்கும்போது தன் மனசில் இருந்த படம்னு போங் ஜூன்-ஹோ சொன்னது இந்த 'ஹவுஸ்மெய்ட்'டைத்தான். அந்த மாடிப்படியை இப்போ யோசிச்சுப் பாருங்க!

அதனால, அடுத்த தடவை உங்க ஊரில் கொரியப் பட விழான்னு போஸ்டர் பார்த்தா, புதுப் படத்துக்கு டிக்கெட் போடுங்க, தப்பில்லை. கூடவே பட்டியலில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் இருந்தா, அதையும் விட்டுடாதீங்க. அந்த பிரிண்ட் அங்கே வந்து சேர, யாரோ ஒருத்தர் எங்கேயோ தேடியிருக்காங்க.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.