விடை உண்டா என்னும் வினா: ஒருங்கமை சமன்பாடுகளின் வரலாறு பற்றிய ஒரு குறிப்பு

1931 இல் இலண்டனில் நடைபெற்ற அறிவியல் வரலாற்று மாநாட்டிலே, நியூற்றனது பெருநூலின் சமூக, பொருளாதார வேர்களைப் பொரிஸ் ஹெஸ்ஸன் எடுத்துக்காட்டினார். அன்று தொட்டு வலுப்பெற்ற ஆய்வுமரபு நமக்கும் உரியதே. ஆயினும், பொருளாதாரத் தேவையே ஒவ்வொரு கணித உண்மையையும் நேரடியாக ஈன்றது என நம்மிடையே வழங்கும் சூத்திரம் எவ்வளவு தூரம் பொருந்தும்? இரு மாறிகள் கொண்ட ஒருங்கமை சமன்பாடுகளை எடுத்து இதனைச் சோதித்துப் பார்க்கலாம்.

‘கணிதக் கலையின் ஒன்பது அத்தியாயங்கள்’ என்னும் சீனநூல் ஹான் காலத்திலே, ஏறத்தாழ கி.பி. முதலாம் நூற்றாண்டளவில் உருப்பெற்றது. நில அளவை, தானியப் பரிமாற்றம், வரி, மண்வேலைக்குரிய ஆட்கணக்கு முதலியன அதன் பொருள். அரச நிருவாகத்தின் கைந்நூல் எனலாம். அதன் எட்டாம் அத்தியாயத்துக் கணக்கொன்றில் ஐந்து மாடும் இரண்டு ஆடும் 10 லியாங் பொன். இரண்டு மாடும் ஐந்து ஆடும் 8 லியாங். மாட்டின் விலை 34/21, ஆட்டின் விலை 20/21 லியாங் என வரும். இந்த 21 எங்கிருந்து வந்தது? 5×5 இலிருந்து 2×2 ஐக் கழிக்க எஞ்சுவது அது. குணகங்களைக் குறுக்கே பெருக்கிக் கழித்துப் பெறும் இவ்வெண் பூச்சியமாகாதிருத்தலே தனித்த ஒரு விடைக்கான நிபந்தனை. இரண்டாவது கூற்று ‘பத்து மாடும் நான்கு ஆடும் 20 லியாங்’ என்றிருப்பின் அது முதற்கூற்றே, விடைகள் எண்ணிறந்தன. 22 லியாங் என்றிருப்பின் விடையே இல்லை.

நூல் இந்நிபந்தனையைக் கூறவில்லை. சந்தையில் மாட்டுக்கு விலை ஏற்கெனவே உண்டு. கணக்கர் அதனைக் காண்கிறாரேயன்றி, உண்டா என வினவுவதில்லை. (22 லியாங் கேட்பவன் முரண்படுகிறான் என்று எந்த வியாபாரியும் கருதான், பேரம் பேசுகிறான் என்றே கருதுவான்.) இதுவரை சூத்திரம் பொருந்துகின்றது.

ஆனால் அதே அத்தியாயத்தின் 13 ஆவது கணக்கு நம்மைத் தடுத்து நிறுத்துகின்றது. ஐந்து குடும்பங்களுக்குப் பொதுவான கிணறு. ஐந்து கயிறுகளின் நீளமும் கிணற்றின் ஆழமுமாக அறியாக் கணியங்கள் ஆறு, தொடர்புகளோ ஐந்து. நூல் ஒரே விடையைத் தருகின்றது. கி.பி. 263 இல் உரைகண்ட லியு ஹுயி, இங்கு கிடைப்பவை விகிதங்களே எனச் சுட்டினார். எந்த வரி அதிகாரியும் இதனை அவரிடம் கேட்டிருக்க நியாயமில்லை. முறைக்குக் காரணம் தேடும் உரைமரபே இதனைக் கேட்டது.

ஐரோப்பாவிலும் வினா சந்தையிலிருந்து வரவில்லை. ஒன்பது புள்ளிகள் ஒரு முப்படி வளையியைத் துணியும் என்பர். இரு முப்படி வளையிகளோ ஒன்பது புள்ளிகளில் வெட்டக்கூடும். ஜெனீவாவின் கிராமர் இம்முரணை 1744 இல் ஒயிலருக்கு எழுதினார். 1750 இல் வெளியான கட்டுரையில் ஒயிலர் தந்த எடுத்துக்காட்டு மிக எளியது: 3x−2y=5, 4y=6x−10. சமன்பாடுகள் இரண்டாயினும் ஒன்று மற்றதனுள் அடங்கியிருப்பின் அவை மாறிகளைத் துணியா. ஒயிலர் பணியாற்றிய பேர்லின் கழகத்தின் வருவாய் பஞ்சாங்க விற்பனை ஏகபோகத்தில் தங்கியிருந்தது. அவ்வருவாய் அவருக்கு ஊதியத்தையும் ஓய்வையும் அளித்தது, வினாவை அளிக்கவில்லை. சிந்தனைத் துறைகளின் சார்பளவான சுயாதீனம் பற்றி ஏங்கல்ஸ் 1890 இல் எழுதிய கடிதங்களை நம்மவர் மேற்கோளுக்கன்றி ஆய்வுக்குப் பயன்படுத்தல் வேண்டும்.

மாறிகள் எத்தனையாயினும் பொருந்தும் பொது நிபந்தனை பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தெளிவுபெற்றது. அதற்கு அடிப்படையான ‘தரம்’ என்னும் கருத்துக்குப் புரொபேனியஸ் பெயரிட்டது 1879 இல்.