லேண்ட் மாஸ்டரும் வாப்பாவின் ஸ்பானர் பையும்



போன ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் முற்றத்தில் நின்றபோது ஒரு சின்ன வாக்குவாதம். என்னிடம் படித்த தம்பி ஒருவர் தன் மோட்டார் சைக்கிளின் பின் பிரேக் ஷூவைத் தானே மாற்றிவிட்டதாகப் பெருமையாகச் சொன்னார். யூடியூப் பார்த்துச் செய்தாராம், கராஜுக்குக் கொடுக்கும் கூலி மிச்சமாம். பக்கத்தில் நின்ற காக்கா ஒருவருக்குக் கோபம் வந்துவிட்டது. "பிரேக்கில விளையாடாத தம்பி, அதுக்கெண்டு படிச்சவன் இரிக்கான்" என்றார். தம்பி விடவில்லை: "உங்கட காலத்தில மெசினையே வட்டைக்குள்ள வெச்சுக் கழட்டிப் பூட்டினீங்கதானே காக்கா?"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். வரலாறு படிப்பிக்கிறவனிடம் பிரேக்கைப் பற்றிக் கேட்டால் அவன் பிரேக்கிலிருந்து தொடங்க மாட்டான். அன்று சொல்ல நேரமில்லாததை இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊரில் இரண்டு சக்கர உழவு இயந்திரம் எந்தக் கம்பனியுடையதாக இருந்தாலும் அதன் பெயர் 'லேண்ட் மாஸ்டர்'தான். குபோட்டா வாங்கினாலும் சீனாக்காரனுடையதை வாங்கினாலும் "லேண்ட் மாஸ்டர் எடுத்திருக்கான்" என்றுதான் பேச்சு. உண்மையில் அது இங்கிலாந்தின் நொட்டிங்ஹாமில் இருந்த ஒரு கம்பனியின் பெயர். 1950களில் அந்தக் கம்பனிக்காக இந்த வகை இயந்திரத்தை வடிவமைத்தவர் நம் நாட்டவரான ரே விஜேவர்தன. கேம்பிரிட்ஜில் பொறியியல் படித்தவர். 1968 மெக்சிக்கோ ஒலிம்பிக்கில் பாய்மரப் படகோட்டத்தில் இலங்கைக்காகப் போட்டியிட்டவர். சின்ன விமானங்களைத் தன் கையாலேயே செய்து தானே ஓட்டியவர். 'நீயே செய்து பார்' என்ற கூட்டத்துக்கு இந்த நாட்டில் ஒரு தலைவர் வேண்டுமென்றால் நான் அவரைத்தான் சொல்வேன். 2010இல் காலமானார்.

கல்லோயாத் திட்டம் வந்து, சேனநாயக்க சமுத்திரத்தின் தண்ணீர் சம்மாந்துறைப் பக்கத்து வட்டைகளுக்கும் ஓடத் தொடங்கிய காலம் அது. உழுவதற்கு மாடு, களவெட்டியில் சூடு மிதிக்க எருமை என்றிருந்த இடத்துக்கு மெசின் வந்தது. வசதியுள்ள போடிமார் நாலு சக்கர மெசின் எடுத்தார்கள். என் மூத்தவாப்பா போல இரண்டு மூன்று ஏக்கர் செய்தவர்கள் கூட்டுச் சேர்ந்து லேண்ட் மாஸ்டர் எடுத்தார்கள். வாப்பா சொல்வார், அது வீட்டுக்கு வந்த அன்று கொத்துபா கேட்பதுபோல ஊர்ப் பிள்ளைகள் சுற்றி இருந்து பார்த்தார்களாம்.

வாங்கிய பிறகுதான் கதை. எருமைக்குக் காய்ச்சல் வந்தால் என்ன மருந்து என்று ஊரில் பத்துப் பேருக்குத் தெரியும். மெசினுக்குக் காய்ச்சல் வந்தால்? விற்றவன் கொழும்பில். வட்டையில் சேறு காயும். தண்ணீர் முறை போய்விடும். ஆகவே திறந்து பார்த்தார்கள், வேறு வழியில்லாததால். பழுது பார்ப்பது அவர்களுக்குப் பொழுதுபோக்கு இல்லை.

திறந்து பார்க்கக்கூடிய மெசினாகவும் அது இருந்தது. பிறகு நம் பக்கம் நிறைய வந்த ஒற்றைச் சிலிண்டர் டீசல் இஞ்சினை நினைத்துப் பாருங்கள். பற்றரி இல்லை, பிளக் இல்லை, கார்பரேட்டர் இல்லை. அமுக்கத்தை விடுவிக்கும் சின்ன லீவரைப் பிடித்துக்கொண்டு கைபிடியால் சுழற்றி, வேகம் வந்ததும் லீவரை விட்டால் இஞ்சின் பிடித்துக்கொள்ளும். சக்தி வி-பெல்ட் வழியாகப் போகிறது, கண்ணால் பார்க்கலாம். பத்துப் பன்னிரண்டு ஸ்பானரும் ஒரு சுத்தியலும் இருந்தால் ஹெட்டைக் கழற்றி, வால்வைத் தேய்த்து, றிங் மாற்றி, திரும்பப் பூட்டிவிடலாம். வாப்பா அதைப் பெற்றோமாக்ஸ் வெளிச்சத்தில் செய்ததை நானே பார்த்திருக்கிறேன்.

ஆனால் அவர் ஒருபோதும் தொடாத இரண்டு சாமான்கள் இருந்தன. டீசல் பம்ப், நொசில். அவற்றைத் துணியில் சுற்றிச் சைக்கிளில் கல்முனைக்குக் கொண்டுபோவார். காரணம் பயமில்லை. நொசில் எந்த அமுக்கத்தில் திறக்கிறது, டீசல் புகைபோலத் தூவுகிறதா, சொட்டுகிறதா என்று பார்க்க அளவுமானி வைத்த கருவி வேண்டும். அது வீட்டில் இல்லை. கிராங்க் தேய்ந்தாலும் அப்படித்தான், லேத் உள்ள இடத்துக்குப் போகும். எது வீட்டு வேலை, எது கடை வேலை என்று பிரித்தது மெக்கானிக்கின் படிப்போ வாப்பாவின் வீறாப்போ இல்லை. எந்தக் கருவி யாரிடம் இருந்தது என்பதுதான்.

1970 முதல் 1977 வரை நாடு கதவை மூடியிருந்த காலத்தில் இந்தப் பழக்கம் இன்னும் இறுகியது. அந்நியச் செலாவணி இல்லை, இறக்குமதி இல்லை, 1973இல் எண்ணெய் விலையும் ஏறியது. உதிரிப் பாகம் என்பது பெரும்பாலும் வேறொரு மெசினிலிருந்து கழற்றியதுதான். மட்டையை வெட்டிக் காஸ்கட், பழைய டயர்த் துண்டை உள்ளே வைத்து வெடித்த டயர். நாடு முழுக்க மொரிஸ் மைனர்கள் உயிரோடு இருந்ததற்கும் இதுதான் காரணம். இங்கிலாந்தில் அதன் உற்பத்தி 1971இல் நின்றுபோனது. இங்கே தகரத்தைத் தட்டித் தட்டிக் கதவும் மட்காடும் செய்தார்கள். அந்தக் கைவேலை எவ்வளவு நன்றாக இருந்ததென்றால், 1990களில் பாத் நகரத்து மொரிஸ் மைனர் வியாபாரி சார்ல்ஸ் வேர் அந்தக் காருக்கான பாகங்களை இலங்கையில் செய்விக்க வந்தார்.

யாழ்ப்பாணத்துக் கதை இதைவிடக் கடினம். 1990க்குப் பிறகு அங்கே பெற்றோல் தடை. மக்கள் காரையும் மோட்டார் சைக்கிளையும் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். குளிர்ந்த இஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. ஆகவே சின்னப் போத்தலில் வைத்திருந்த சில துளி பெற்றோலை விட்டு ஸ்டார்ட் செய்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். வெள்ளைப் புகை, கரி பிடித்த பிளக், கெட்டுப்போகும் ஒயில் எல்லாம் அதன் விலை. வேடிக்கை என்னவென்றால், இதே முறையில் ஓடும்படியே செய்யப்பட்ட பெர்குசன் டிராக்டர் 1949இலேயே இங்கிலாந்தில் விற்பனையில் இருந்தது. அங்கே அது கம்பனி கொடுத்த வசதி. இங்கே வீட்டு முற்றத்தில் கண்டுபிடித்தது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட நம்மவர்களில் இரும்புக்கடை வைத்திருந்தவர்களும் லொறி ஓட்டியவர்களும் இருந்தார்கள். அவர்களோடு எத்தனை கைகளின் வேலையும் அங்கிருந்து போயிற்று என்று யாரும் கணக்கெடுக்கவில்லை.

கராஜை நான் குறைத்துப் பேசவில்லை. 1958 ஜனவரி 1ஆம் திகதி பஸ்கள் அரசுடைமையானபோது அவ்வளவு பஸ்ஸையும் ஓடவைக்க ஆள் வேண்டியிருந்தது. 'ஜேர்மன் டெக்' என்று நம் பிள்ளைகள் விண்ணப்பிக்கிறார்களே, அந்த நிறுவனம் முதலில் இபோச மெக்கானிக்குகளைப் பயிற்றத்தான் தொடங்கப்பட்டது. முறையாகப் படித்தவர் போல்ட்டை எவ்வளவு இறுக்க வேண்டும் என்று அளந்து இறுக்குவார். வாப்பா 'கை நோகும்வரை' இறுக்குவார். இரண்டும் ஒன்றல்ல.

கசப்பான அனுபவமும் எனக்கு உண்டு. ஒரு இடத்தில் என் மோட்டார் சைக்கிளுக்குக் கார்பரேட்டரையே மாற்ற வேண்டும் என்று பணம் வாங்கினார்கள். பழையதை வீட்டுக்குக் கொண்டுவந்து வாப்பா திறந்து பார்த்தார். ஜெட்டில் ஒரு மணல்துகள். ஊதினார், போய்விட்டது. அந்த ரோசத்தில் அடுத்த முறை பின் சில்லை நானே கழற்றிப் பிரேக் ஷூ மாற்றினேன். காரைதீவு வீதியில், மகள் பின்னால் இருக்க, பிரேக்கை மிதித்தால் கால் சும்மா கீழே போகிறது. பிரேக் கம்பியின் நட்டைத் திரும்பப் பூட்ட மறந்திருந்தேன். இரண்டு பக்கமும் தண்ணீர் நிற்கும் வீதி. அல்ஹம்துலில்லாஹ், முன் பிரேக் பிடித்தது. அந்த வீதியில் 2024 நவம்பர் 26 வெள்ளத்தில் நாம் இழந்த மத்ரஸாப் பிள்ளைகளை நினைக்காமல் நான் இப்போதும் அதைக் கடப்பதில்லை. அன்று வீட்டுக்கு வந்தபோது வாப்பா ஏசவில்லை. "பூட்டினதுக்குப் பிறகு மிஞ்சின சாமானை எண்ணிப் பார்த்தியா?" என்று மட்டும் கேட்டார்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திறந்தது. இடையில் 2022: கியூஆர் அட்டை, மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர், ஆட்டோவுக்கு 5, காருக்கு 20. 1970களைப் புத்தகத்தில் படித்த என் மாணவர்கள் அதை வரிசையில் நின்று படித்தார்கள். பழையதைக் காப்பாற்றும் வேலை திரும்ப வந்தது. ஆனால் வண்டி மாறிவிட்டது. இப்போது பலரிடம் இருப்பது ஹைபிரிட். அக்வாவின் பற்றரி 144 வோல்ட், பிரியஸில் 200க்கு மேல். பெற்றோமாக்ஸ் வெளிச்சத்தில் ஸ்பானர் போடும் இடம் அது இல்லை. பிழையைச் சொல்வதும் கம்பியூட்டர்தான். கருவி யாரிடம் என்ற பழைய கேள்வி இங்கே திரும்ப வருகிறது. அமெரிக்காவில் ஜோன் டீர் டிராக்டர் வாங்கிய விவசாயிகளே, தங்கள் மெசினைத் தாங்கள் திருத்தும் மென்பொருளைக் கம்பனி தருவதில்லை என்று சண்டை பிடிக்கிறார்கள். 2025 ஜனவரியில் அந்த நாட்டின் வர்த்தக ஆணைக்குழுவே கம்பனிமீது வழக்குப் போட்டது. மூத்தவாப்பாவுக்கு இருந்த உரிமை அந்தப் பெரிய பண்ணைக்காரனுக்கு இல்லை.

அதே ஜனவரியில் நம் பொலிஸார் பஸ்களிலும் ஆட்டோக்களிலும் பூட்டியிருந்த மேலதிக அலங்காரங்களைக் கழற்றத் தொடங்கினார்கள். சைலன்சரை வெட்டிச் சத்தம் கூட்டும் தம்பிமாருக்கு என் அனுதாபம் இல்லை, சுபஹ் நேரத்தில் அதைக் கேட்பவன் நான். ஆனால் வெட்டி ஒட்டத் தெரிந்த அந்தக் கையைப் பார்த்தால் வாப்பாவின் கைதான் ஞாபகம் வருகிறது.

ரே விஜேவர்தனவைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட்டேன். தான் செய்த மெசினைப் பிற்காலத்தில் அவரே சந்தேகப்பட்டார். எருமை கன்று போடும், பால் தரும், சாணம் தரும். டிராக்டர் குட்டி போடாது, எரிபொருளும் பாகமும்தான் கேட்கும் என்பது அவர் வாதம். மெசினால் விளைச்சல் கூடியதா, ஆட்களின் வேலை மட்டும் போனதா என்று பல இடங்களில் கேட்டுக்கொண்டே இருந்தார்.

அந்தத் தம்பியின் பிரேக்கை ஞாயிறு அஸருக்குப் பிறகு எங்கள் முற்றத்தில் வைத்துத் திறந்து பார்த்தோம். காக்காவும் வந்திருந்தார். ஷூ சரியாகத்தான் பூட்டியிருந்தது. டிரம்முக்குள் கிறீஸ் பட்டிருந்தது. வாப்பா அதைத் துடைத்துக் காட்டினார், தம்பி திரும்பப் பூட்டினார். நானும் காக்காவும் தேத்தண்ணி குடித்தோம்.

எங்கள் வீட்டு முதல் லேண்ட் மாஸ்டரின் கைபிடி மட்டும் இன்னும் கோழிக்கூட்டுக்குப் பின்னால் கிடக்கிறது. உங்கள் வீட்டிலும் அந்தக் காலத்துப் படமோ பாகமோ, முதல் மெசின் எடுத்தவர்களைப் பற்றி மூத்தவர்கள் சொன்ன கதையோ இருந்தால் எனக்குச் சொல்லுங்கள். பாடசாலைப் பிள்ளைகளோடு வந்து எழுதி எடுத்துக்கொள்கிறேன்.