நீரில் உறையும் தீ

நீரும் நெருப்பும் ஒன்றுக்கொன்று பகை என்பது உலக வழக்கு. ஆயினும், நீரினுள்ளேயே எரியும் பொருளொன்று அடங்கியிருக்கிறது என்பதை விஞ்ஞானம் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே கண்டுகொண்டது. அப்பொருளே ஹைட்ரஜன், தமிழ் நூல்கள் இதனை நீரகம் என்றும் வழங்கும். அல்லும் பகலும் லாரிகளின் புகை படியும் ஓசூர் நெடுஞ்சாலையை அடுத்து வாழும் அத்திபெலேத் தமிழ்க் குடும்பங்களுக்கு, புகையில்லா எரிபொருள் ஒன்றன் வரலாறு பயன்படும் என்று கருதி இக்கட்டுரையை வரையலானேன்.

1766ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டு ஹென்றி கேவண்டிஷ் இவ்வாயுவைத் தனியே பிரித்து ஆராய்ந்தார். பிரெஞ்சு அறிஞர் லவாய்சியர், இது எரிந்தால் நீர் உண்டாவதைக் கண்டு, ‘நீரை ஆக்குவது’ என்னும் பொருளுடைய கிரேக்கப் பெயரைச் சூட்டினார். 1800இல் நிக்கல்சன், கார்லைல் என்னும் இருவர் மின்சாரத்தைச் செலுத்தி நீரை ஹைட்ரஜனாகவும் பிராணவாயுவாகவும் பிரித்துக் காட்டினர். 1839இல் வில்லியம் குரோவ் அதனைத் தலைகீழாக்கினார். அவ்விரு வாயுக்களையும் மீண்டும் கூட்டி மின்சாரம் பெற்றார். இன்று எரிபொருள் மின்கலம் எனப்படுவதற்கு அதுவே வித்து.

1923இல் ஜே. பி. எஸ். ஹால்டேன் கேம்பிரிட்ஜில் ஆற்றிய சொற்பொழிவில், நிலக்கரி தீர்ந்த காலத்தில் காற்றாலை மின்சாரத்தால் நீரைப் பிரித்து ஹைட்ரஜனைச் சேமித்து வைப்பர் என்று முன்னுரைத்தார். அப்பேரறிஞர் 1957இல் நம் நாட்டுக்கே வந்து குடியேறி, 1964இல் புவனேசுவரத்தில் மறைந்தார் என்பது நாம் பெருமையுடன் நினைவு கொள்ளத்தக்கது.

அவர் வாழ்ந்த காலத்திலேயே, பஞ்சாபைச் சேர்ந்த நங்கலில் பக்ரா அணையின் மின்சாரத்தைக் கொண்டு நீரைப் பிரித்து, அந்த ஹைட்ரஜனால் உரம் செய்தனர். அதனோடு இணைந்த கனநீர் ஆலை 1962இல் இயங்கத் தொடங்கியது. இன்று ‘பசுமை ஹைட்ரஜன்’ என்று உலகம் புதிதாகப் பேசுவதை நம் நாடு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே செய்துள்ளது. பின்னர் அம்முறை கைவிடப்பட்டு, எண்ணெயும் எரிவாயுவும் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டன. மலிவான மின்சாரம் உள்ளவரையே இத்தொழில் நிலைக்கும் என்பது நங்கல் புகட்டிய முதற் பாடம்.

தமிழ்நாட்டில் மின்வேதியியல் ஆராய்ச்சிக்கு வழிவகுத்தவர் வள்ளல் அழகப்பச் செட்டியார். அவர் ஈந்த 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயுமே காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்திற்கு முதலாயின. 1948 ஜூலை 25ஆம் நாள் நேரு அதற்கு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14ஆம் நாள் டாக்டர் இராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். மின்சாரத்தைக் கொண்டு பொருள்களைப் பிரிப்பதும், பொருள்களைக் கூட்டி மின்சாரம் பெறுவதும் அங்கு ஆராயப்படுகின்றன. 1973இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பின்னர், மாற்று எரிபொருளைத் தேடும் முயற்சி உலகெங்கும் வலுப்பெற்றது. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் எம். வி. சி. சாஸ்திரியும் அவர்தம் குழுவினரும் ஹைட்ரஜனை உலோகக் கலவைகளில் உறிஞ்சவிட்டுச் சேமிக்கும் வழிகளை ஆராய்ந்தனர்.

நெல்லைச் சீமையின் மகேந்திரகிரி இவ்வரலாற்றில் தனி அத்தியாயம். ஹைட்ரஜனைப் பூஜ்யத்திற்குக் கீழே 253 டிகிரிக்குக் குளிர்வித்தால் அது திரவமாகும். அதனை எரிக்கும் ராக்கெட் எஞ்சின் நுட்பத்தைத் தருவதாக 1991இல் ரஷ்யத் தரப்பு உடன்பட்டது; அமெரிக்காவின் நெருக்குதலால் 1993இல் நுட்பம் தர மறுத்து, எஞ்சின்களை மட்டும் விற்க இசைந்தது. நம் விஞ்ஞானிகள் தாமே முயன்றனர். 2010 ஏப்ரல் 15ஆம் நாள் நடந்த முதல் முயற்சி தோல்வியுற்றது. மனந்தளராது உழைத்து, 2014 ஜனவரி 5ஆம் நாள் வெற்றி கண்டனர். அவர்கள் பெற்ற பயிற்சி தரைக்கும் பயன்பட்டது. டாட்டா நிறுவனத்துடன் கூடி உருவாக்கிய ஹைட்ரஜன் பேருந்து 2013 ஜூலையில் மகேந்திரகிரியில் ஓடிக் காட்டியது.

நமக்கு அண்மையிலுள்ள பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்திலோ வேறொரு வழி கண்டனர். விறகு, வேளாண் கழிவு போன்றவற்றைப் பிராணவாயுவும் நீராவியும் கொண்டு வாயுவாக்கினால், ஒரு கிலோ கழிவிலிருந்து 100 கிராம் ஹைட்ரஜன் கிட்டுகிறது. கழிவில் உள்ளது ஏறத்தாழ 60 கிராமே. எஞ்சியதை நீராவி அளிக்கிறது.

ரயில்வேயும் பின்தங்கவில்லை. 2018இல் ஜெர்மனியில் ஹைட்ரஜன் ரயில் பயணிகளை ஏற்றி ஓடத் தொடங்கியது. 1955 அக்டோபர் 2ஆம் நாள் நேரு தொடங்கி வைத்த பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலை, 2025 ஜூலையில் ஹைட்ரஜனால் இயங்கும் பெட்டியைச் சோதித்து வெற்றி கண்டது. ஹரியானாவின் ஜீந்த்–சோனிப்பத் பாதைக்கென அது உருவாக்கப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள், தூத்துக்குடி வ. உ. சி. துறைமுகத்தில் மணிக்கு 10 கன மீட்டர் பசுமை ஹைட்ரஜன் தரும் சிறு ஆலை திறக்கப்பட்டது. துறைமுகக் குடியிருப்பின் தெருவிளக்குகளுக்கு அதன் மின்சாரம் என அறிவித்தனர். அது கப்பலோட்டிய தமிழரின் பிறந்த நாளாகவும் அமைந்தது.

இவையெல்லாம் மகிழ்ச்சி தருவன. ஆயினும், பேரேட்டில் வரவு எழுதினால் செலவும் எழுத வேண்டுமன்றோ? ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 9 லிட்டர் நீரைப் பிரிக்க வேண்டும்; அதற்கு 50 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் செலவாகும். அந்த ஒரு கிலோவில் உள்ள ஆற்றல் 33 யூனிட். மின்கலத்தின் வழியே நாம் திரும்பப் பெறுவதோ ஏறத்தாழ அதில் பாதி. ஆகவே நீர் எரிபொருளன்று. மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் பெட்டகமே. ‘நீரை ஊற்றினால் வண்டி ஓடும்’ என்று கூறிப் பணம் கேட்பவர் எவராயினும் அவரை நம்பலாகாது. 1996இல் மூலிகைப் பெட்ரோல் என்னும் பேச்சு நாடெங்கும் பரவிப் பின்னர்ப் பொய்த்ததை மூத்தோர் அறிவர்.

மேலும், இன்று உலகில் உண்டாக்கப்படும் ஹைட்ரஜனில் பெரும்பகுதி எரிவாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும் வருவது. எரிவாயுவிலிருந்து ஒரு கிலோ எடுக்கும்போது ஏறத்தாழ 9 கிலோ கரியமில வாயு வெளியேறும். மின்கம்பி போடத்தக்க பாதையில் மின்சார ரயிலே சிக்கனம். கம்பி செல்ல இயலாத மலைப்பாதை, கடல் கடக்கும் கப்பல், எஃகு உலை, உர ஆலை ஆகிய இடங்களுக்கே ஹைட்ரஜன் ஏற்றது. 2023 ஜனவரி 4ஆம் நாள் மத்திய அரசு 19,744 கோடி ரூபாய் ஒதுக்கிய பசுமை ஹைட்ரஜன் இயக்கம், 2030இல் ஆண்டுக்கு 50 லட்சம் டன் என்று குறிக்கோள் வகுத்தது. அக்குறிக்கோளும் சூரிய, காற்றாலை மின்சாரத்தின் விலையைப் பொறுத்தே கைகூடும்.

தீயைப் பற்றிய அச்சமும் நியாயமே. 1937 மே 6ஆம் நாள் ஹிண்டன்பர்க் ஆகாயக் கப்பல் எரிந்து 36 பேர் மாண்டனர். காற்றில் நூற்றுக்கு நான்கு பங்கு கலந்தாலே ஹைட்ரஜன் தீப்பற்றும். அதன் சுடர் பகலில் கண்ணுக்குப் புலப்படுவதும் அரிது. 2023 அக்டோபர் 7ஆம் நாள் நம் அத்திபெலேயில் பட்டாசுக் கடையில் மூண்ட தீ, பிழைப்புக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்த இளைஞர் பலரின் உயிரைக் குடித்ததை நாம் மறக்கவில்லை. எரியும் பொருள் எதுவாயினும், அதனைக் கையாளும் தொழிலாளிக்குப் பயிற்சியும் காவலும் அளித்த பின்னரே தொழிலைத் தொடங்குதல் அறமாகும். புகையில்லா எரிபொருள் என்னும் புகழ் அக்கடமையைக் குறைத்துவிடாது.

காரைக்குடியில் ஒரு வள்ளலின் கொடையும், மகேந்திரகிரியில் பலரது பொறுமையும், பெரம்பூரில் தொழிலாளர் கைத்திறனும் சேர்ந்தே இவ்வரலாறு உருவாயிற்று. இனிவரும் அத்தியாயங்களில் நம் குடியிருப்புப் பிள்ளைகளின் பெயரும் இடம்பெற வேண்டுமாயின், ரசாயனமும் கணிதமும் அவர்கள் ஊன்றிக் கற்க நாம் இன்றே துணை நிற்போமாக. வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!