புது ஆறு கொண்டுவந்த நெல்



2018 கஜா புயலில் தென்னை சாய்ந்த இடத்தில் இப்போது நெல் போடலாமா என்று பேராவூரணிப் பக்கத்து மாணவர் ஒருவர் கேட்டிருந்தார். "தஞ்சாவூர் ஜில்லாதானே சார், நெல் வராமலா போகும்?" என்கிறார். வரலாறு வாத்தியாரிடம் கேட்டால் வரலாறுதான் பதிலாக வரும். பொறுத்துப் படியுங்கள்.

தஞ்சை நெற்களஞ்சியம் என்று நாம் சொல்வது முழு ஜில்லாவுக்கும் பொருந்தாது. கும்பகோணம், பாபநாசம் பக்கம் இருப்பது காவிரியும் அதன் கிளைகளும் காலங்காலமாகக் கொண்டுவந்து போட்ட வண்டல். தண்ணீர் கட்டினால் நிற்கும். ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணி அப்படியல்ல. மேட்டுப்பூமி, பல இடங்களில் மணல் கலந்த செம்மண். ஏரி இருந்த ஊரில் கொஞ்சம் நெல், மற்ற இடங்களில் மானாவாரிப் பயிர் என்றுதான் காலம் ஓடியது.

1924இல் காவிரியில் பெருவெள்ளம். அதே ஆண்டுதான் சென்னை மாகாணமும் மைசூரும் ஒப்பந்தம் போட்டன. மேட்டூர் அணை 1934இல் திறக்கப்பட்டது. கொள்ளளவு 93.47 டி.எம்.சி. அந்தத் திட்டத்தில் கல்லணையிலிருந்து தெற்கே வெட்டியதுதான் கல்லணைக் கால்வாய். நம் ஜனங்கள் வைத்த பெயர் 'புது ஆறு'. கரிகாலன் வெட்டியது என்று என்னிடம் பரீட்சையில் எழுதியவர்கள் உண்டு! அதற்கு வயது தொண்ணூறு சொச்சம்தான். வழியிலுள்ள நூற்றுக்கணக்கான ஏரிகளுக்கும் அதுவே தண்ணீர் கொடுத்தது. மேட்டுப்பூமி வயலானது அப்படித்தான்.

இப்போது கணக்குக்கு வருவோம். நடவு நெல்லுக்கு ஒரு போகத்துக்குச் சுமார் 1200 மி.மீ. தண்ணீர் வேண்டும். நம் பக்கத்தில் வருஷம் முழுக்கப் பெய்வதே சுமார் 1000 மி.மீ.; அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிவிடும். சம்பா கதிர் முற்றும் தை மாதத்தில் வானம் வெளுத்துவிடும். ஆக, இங்கே விளைந்த நெல்லில் குடகு மலையில் பெய்த மழைக்கும் பங்குண்டு. மேட்டூரும் காய்ந்து, வடகிழக்குப் பருவமழையும் பொய்த்த 2016இல் என்ன ஆனது என்பதை நீங்களே பார்த்தீர்கள். மணல் மண்ணில் பாய்ச்சிய தண்ணீர் கீழே இறங்கிக்கொண்டே இருக்கும் என்பதால் அந்த 1200ம் போதாது.

எனவே தம்பி, ஜில்லா பெயரைப் பார்க்காதீர்கள். வயலில் முழங்கால் ஆழத்துக்குக் குழி வெட்டுங்கள். மேலே மணலாக இருந்தாலும் அடியில் களி தட்டுகிறதா பாருங்கள். குழி நிறையத் தண்ணீர் ஊற்றிவிட்டு மறுநாள் காலையில் போய்ப் பாருங்கள். வற்றிப்போயிருந்தால் அங்கே நெல் வேண்டாம். கடலையோ உளுந்தோ போடுங்கள். தண்ணீர் நின்றால் அடுத்த கேள்வி உங்கள் வாய்க்காலைப் பற்றியது. கடந்த பத்து வருஷத்தில் எத்தனை வருஷம் தை வரைக்கும் உங்கள் மடைக்குத் தண்ணீர் வந்தது? கடைமடைக்காரர்களிடம் விசாரியுங்கள், அவர்களுக்குத் தேதியோடு ஞாபகம் இருக்கும்.