சாடியின் அடியிலே ஒரு பெயர்

2010 ஆம் ஆண்டு இலண்டன் புறநகரிலே ஓர் ஏலம். பொருள், ஒரு பீங்கான் பூச்சாடி. கேட்கப்பட்ட விலையோ 4 கோடியே 30 இலட்சம் பவுண்டு! சீனத்துச் சிங் மரபிலே வந்த சியென்லுங் மன்னன் காலத்துச் சாடி அது. 1735 முதல் 1796 வரை ஆண்டவன் அவன். அவனது அரண்மனைச் சாடிகள் பலவற்றின் அடியிலே அவன் ஆட்சிப் பெயர் பொறித்திருக்கும். மண் பிசைந்தவன் பெயர்? தேடினும் கிட்டாது!

இச்சாடிகள் பிறந்த ஊர் ஜியாங்சி மாகாணத்து ஜிங்டேஜென். வெண்களிமண்ணோடு பொடித்த கல்லைச் சேர்த்து, ஏறத்தாழ 1300 டிகிரி வெப்பத்திலே சுடுவர். மேலே வண்ணம் தீட்டி, குறைந்த சூட்டிலே மீண்டும் சுடுவர். சாடியிலே சிரிக்கும் இளஞ்சிவப்பு மலருக்கு நிறம் தந்தது நுண்ணிய பொன்துகள். அம்மலருக்கு உயிர் தந்தது யார்?

அவ்வூரிலே தங்கிய பிரெஞ்சுப் பாதிரியார் தந்திரெகோல், 1712 இலும் 1722 இலும் எழுதிய கடிதங்களிலே விடை கூறுகிறார். ஒருவன் விளிம்புக் கோடு மட்டுமே இடுவான். ஒருவன் மலரின் வடிவை வரைவான். மற்றொருவன் வண்ணம் நிரப்புவான். மலையும் நீரும் ஒருவனுக்கு, பறவையும் விலங்கும் வேறொருவனுக்கு. ஒரு கலம் எழுபது பேர் கைமாறும் என்பது அவர் அங்கே கேட்ட பேச்சு. எழுபது பேர் உழைப்பு. பொறித்ததோ ஒருவன் பெயர்!

1728 இலே அங்கு வந்த அதிகாரி தாங் யிங், தொழிலாளரோடு மூன்றாண்டு உண்டு உறங்கித் தொழில் கற்றவர். 1743 இலே மன்னன் ஆணைப்படி, பீங்கான் தொழிலைக் காட்டும் 20 படங்களுக்கு விளக்கம் எழுதினார். முதற்படம், கல் வெட்டுதல். இறுதிப்படம்? பூசை!

பூசை யாருக்கு? தோங் என்னும் தொழிலாளிக்கு! முந்தைய மிங் ஆட்சியிலே அரண்மனை பெருந்தாழிகள் கேட்டது. சுடச்சுடப் பழுதாயின. அதிகாரியின் கொடுமையோ பெருகிற்று. தோங் எரியும் சூளையிலே பாய்ந்து மாண்டான். மறுநாள் தாழி பழுதின்றி வந்தது என்கிறது கதை. அவனைக் காற்றுக்கும் நெருப்புக்கும் தெய்வமாக்கினர்.

தோழர்களே! உடல் வெந்தால் தாழி பதமாகுமா? மண்ணின் தன்மையும் நெருப்பின் அளவும் அறிந்த கைத்திறனன்றோ கலத்தைக் காத்தது? கோயில் எழுப்பிய தொழிலாளரைக் குறை கூறோம். தம்மவன் பெயரைப் பொறிக்க அவர்கட்குச் சாடியிலே இடமில்லை, கோயிலிலே இருந்தது. அவர்கள் கும்பிட்டதோடு நின்றவரும் அல்லர். 17 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே கொதித்தெழுந்து, அரசுத் தொழிற்சாலைக்கே தீயிட்டனர்.

ஆனால் ஆளவந்தோரும் அப்பூசையிலே மகிழ்ந்து கலந்துகொண்டனரே, ஏன்? மனிதனாய் வாழ்ந்த தோங் கூலி கேட்பான், நீதி கேட்பான். தெய்வமாகிவிட்ட தோங், படையலோடு அமைதியடைவான்!