சட்டாம்பிள்ளை ஆசிரியரான வரலாறு

நம் நாட்டுத் திண்ணைப் பள்ளிக்கூடங்களைப் பற்றி வீட்டிலுள்ள முதியோர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். மணலைப் பரப்பி விரலால் எழுத்தெழுதிப் பழகுவர் சிறுவர். உபாத்தியாயருக்கு உதவியாக மூத்த மாணவன் ஒருவன் இளையோருக்குப் பாடஞ் சொல்லி வைப்பான். சட்டாம்பிள்ளை என்பது அவனுக்குப் பெயர். அவன் கைப்பிரம்பை நினைத்து நகைப்போர் பலர். ஆயினும் ஆசிரியத் தொழிலை அத்தொழில் நடக்கும் இடத்திலேயே கற்பிக்கும் முறை மேலைநாட்டில் உருவான வரலாற்றில் இவனுக்கும் ஓர் இடமுண்டு.

ஸ்காத்லாந்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார் 1787-ஆம் ஆண்டில் சென்னைக்கு வந்தார். 1789-இல், ஐரோப்பியப் போர்வீரர்களின் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்காக எழும்பூரில் நிறுவப்பெற்ற விடுதிப் பள்ளியின் பொறுப்பை ஏற்றார். ஒருநாள், நம் நாட்டுப் பள்ளியொன்றில் சிறுவர் மணலில் எழுதுவதைக் கண்டு வியந்து, தம் பள்ளியிலும் அவ்வாறே செய்யுமாறு உதவியாசிரியரிடம் கூறினார். அவரோ அது நடவாது என்றார். பெல் சளைக்கவில்லை. ஜான் ஃபிரிஸ்கின் என்ற ஏறத்தாழ எட்டு வயதுப் பையனை அழைத்து, கடைசி வகுப்புக்கு அரிச்சுவடி கற்பிக்குமாறு பணித்தார். பெரியவர் மறுத்ததைச் சிறுவன் செய்து காட்டினான்! பின்னர் பள்ளி முழுவதும் மாணவரைக் கொண்டே மாணவருக்குக் கற்பிக்கும் ஏற்பாடு பரவியது. 1796-இல் தாயகம் திரும்பிய பெல், அடுத்த ஆண்டே இதைப் பற்றி நூல் வெளியிட்டார். இங்கிலாந்தில் அதற்கு ‘மெட்ராஸ் முறை’ என்றே பெயர் வழங்கலாயிற்று.

லண்டனில் ஜோசப் லங்காஸ்டர் என்பவரும் இதையொத்த முறையில் பள்ளி நடத்தினார். ஓர் ஆசிரியர் ஆயிரம் பிள்ளைகளை மேய்க்கலாம் என்பது அவர் கணக்கு. செலவு சுருங்கியதால் செல்வர் மகிழ்ந்தனர். ஆனால் அந்தச் சட்டாம்பிள்ளைகளின் கதி என்ன? காலையில் தாம் கற்றதைச் சற்றுப் பொறுத்துப் பிறருக்கு ஒப்பிப்பர், பதக்கமோ சிறு பரிசோ பெறுவர், அவ்வளவே. உழைப்பு அவர்களுடையது; மேலே ஏறப் படியில்லை.

இக்குறையை நீக்க முற்பட்டவர் ஜேம்ஸ் கே-ஷட்டில்வொர்த். முதலில் மருத்துவர், பின்பு ஏழையர் இல்லங்களைக் கண்காணிக்கும் அதிகாரி. நார்ஃபோக் பகுதியிலிருந்த ஏழையர் இல்லமொன்றில் ஆசிரியர் நோயுற்றுப் படுத்துவிட, அங்கே வளர்ந்த பதின்மூன்று வயதுச் சிறுவன் பள்ளியை ஒழுங்காக நடத்தி வந்ததை அவர் கண்டார். அவர் உள்ளத்தில் அது ஆழப் பதிந்தது. ஹாலந்து நாட்டின் பயிற்சி முறையையும் நேரிற் பார்த்து வந்தார். கல்விக் குழுவின் செயலாளராக இருந்து, 1846-இல் ‘மாணவ ஆசிரியர்’ திட்டத்தை வகுத்தார்.

பதின்மூன்று வயது நிரம்பிய மாணவனோ மாணவியோ ஐந்தாண்டுக்கு ஒப்பந்தம் எழுதிக்கொண்டு, தன் தலைமையாசிரியரிடம் தொழில் பழக வேண்டும். முதலாண்டு ஊதியம் 10 பவுன். ஐந்தாம் ஆண்டில் 20 பவுன். ஆண்டுதோறும் அரசாங்கப் பரீட்சகர் தேர்வு நடத்துவார். ஐந்தாண்டு முடிந்தபின் போட்டித் தேர்வில் வென்றால், அரசியார் பெயரால் உதவித்தொகை பெற்றுப் பயிற்சிக் கல்லூரியில் சேரலாம். கூலிக்காரர் மகன் சம்பளம் வாங்கிக்கொண்டே படித்து ஆசிரியனாகும் வாய்ப்பு இவ்வாறு திறந்தது. வீட்டு வேலையன்றி வேறு வழியறியாதிருந்த ஏழைப் பெண்களுக்கு இது எத்துணைப் பெரிய வாயில் என்பதை எண்ணிப் பாருங்கள்.

இத்திட்டத்தின் உயிர்நிலை வேறோரிடத்தில் இருந்ததென்பது என் கருத்து. பள்ளி தொடங்குமுன்போ முடிந்தபின்போ, நாள்தோறும் ஒன்றரை மணி நேரம் தலைமையாசிரியர் இவர்களுக்குப் பாடஞ் சொல்ல வேண்டும். அதற்காக ஒரு மாணவ ஆசிரியருக்கு 5 பவுனும், இருவருக்கு 9 பவுனும் அவருக்கு அரசாங்கம் தனியே அளித்தது. பழக்குவதும் ஒரு வேலை, அதற்கும் நேரமும் கூலியும் உண்டு என்பது ஏட்டிலேயே எழுதப்பட்டது. நான் பணியேற்ற முதல் நாளில் வருகைப் பதிவேட்டையும் சுண்ணக்கட்டியையும் கையில் கொடுத்து அறுபது பிள்ளைகளுக்கு நடுவே என்னை விட்டுச் சென்றனர். அடுத்த ஆறு மாதத்தில் என் வகுப்பை எட்டிப் பார்த்தவர் எவருமிலர். ஆகவே இந்தச் சிறு விதியின் அருமையை நான் நன்கறிவேன்.

குறைகளும் இருந்தன. பகல் முழுதும் கற்பித்து இரவில் கண்விழித்துப் படித்த இளைஞர் களைத்துப் போயினர். 1862-இல் ராபர்ட் லோ கொணர்ந்த திருத்தச் சட்டம், தேர்வில் பிள்ளைகள் பெறும் வெற்றிக்கேற்பப் பள்ளிக்கு மானியம் என்று விதித்தது. மாணவ ஆசிரியருக்கும் அவர்களைப் பழக்கியோருக்கும் நேரே வழங்கிய பணத்தை நிறுத்தியது. புதிதாகச் சேர்வோர் தொகை வீழ்ந்தது. 1870-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தால் பள்ளிகள் பெருகவே, மீண்டும் ஆள் தேவைப்பட்டது. பிற்பாடு, மாணவ ஆசிரியர் ஓரிடத்தில் கூடிப் படிப்பதற்கென நகரங்களில் தனி நிலையங்கள் எழுந்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், முதலில் உயர்நிலைக் கல்வி, பிறகே தொழில் என்ற கொள்கை வலுத்ததும் இம்முறை தேய்ந்தது.

அதன் கடைசித் தலைமுறையில், 1902-இல் ஈஸ்ட்வுட் என்னும் ஊரில் மாணவ ஆசிரியராகச் சேர்ந்தான் ஒரு சுரங்கத் தொழிலாளியின் மகன். இல்கெஸ்டன் நிலையத்திலும் பயின்று, பின்பு நாட்டிங்ஹாம் பல்கலைக் கல்லூரிக்குச் சென்றான். அவனே பிற்காலத்தில் டி. எச். லாரன்ஸ் என்ற நாவலாசிரியனாகப் புகழ் பெற்றவன். முறையான பயிற்சி பெறாமல் பெருங்கூட்டமான வகுப்பொன்றில் தத்தளிக்கும் இளம் ஆசிரியையை, 1915-இல் வெளிவந்த ‘தி ரெயின்போ’ என்ற நாவலில் அவன் படைத்திருக்கிறான்.